சொர்ணக்காவின் ஒற்றை ஓட்டு

அம்பத்தூர் எஸ்டேட்டில், சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் சொர்ணக்கா செக்கர். தைத்து வரும் சட்டையை மேசைமேல் விரித்து, காலர், பட்டன் பட்டி, கை, அடிமடிப்பு என்று விரலால் தடவிக்கொண்டே போக வேண்டும். குறை தட்டுப்பட்ட இடத்தில் ஒரு சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஓரம் தள்ள வேண்டும். பதினாறு வருஷமாக இதுதான் வேலை. ஷிப்மென்ட் போகிற நாளில் சூப்பர்வைசர் வந்து தலைமேல் நின்று, "ஒரே ஒரு தையல் விட்டிருக்கு, எவன் பாக்கப் போறான்? பாஸ் போடும்மா" என்று கெஞ்சினாலும் போட மாட்டாள். "நா பாத்துட்டேனே சார்" என்பாள். இந்த ஒரு பதிலுக்காக அவளுக்கு இரண்டு தடவை மெமோ வந்தது. இரண்டையும் என் கடையில்தான் ஜெராக்ஸ் எடுத்தாள்.

என் பெயர் கிருஷ்ணப்பிரியா. கள்ளிக்குப்பத்தில், ஏரிக்கரையை ஒட்டிய எங்கள் தெருவின் முனையில் கடை வைத்திருக்கிறேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், இஷ்டப்பட்டால் வேலை செய்யும் ஒரு பிரிண்டர். தெருவின் கதையெல்லாம் என் மிஷின் கண்ணாடியில் குப்புறப் படுத்துத்தான் நகலாகிறது, அதனால் எனக்குத் தெரியாதது கொஞ்சம்தான். அப்படி ஓரம் தள்ள வேண்டிய ஒரு ரிஜெக்ட் பீஸை சொர்ணக்கா தன் வாழ்க்கையில் முதல் முறையாக பாஸ் பண்ணினாள். பண்ண வைத்தது நான். அதைச் சொல்லாமல் அவளைப் பற்றி வேறு எதைச் சொன்னாலும் அது பொய்யாகிவிடும்.

அவளுக்கு ஒரே பையன், சரண். புருஷன் துலுக்கானம், பையனுக்கு நாலு வயதிருக்கும்போதே மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். பையனை ஐ.டி.ஐ. படிக்க வைத்து, எஸ்டேட்டிலேயே ஒரு கம்பெனியில் மிஷின் ஓட்ட அனுப்பினாள். இருபத்திரண்டு வயது. அம்மாவும் பிள்ளையும் ஒரே நேரத்தில் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். அவன் வேகமாக முன்னால் நடப்பான், அவள் "இருடா, இருடா" என்று பின்னால் ஓடுவாள்.

அந்த வருஷம் மழைநீர்க் கால்வாய் போடுகிறேன் என்று தெருமுனையில் ஆள் ஆழத்துக்கு மேல் பள்ளம் தோண்டினார்கள். கான்ட்ராக்ட் எடுத்தவர் திருவேங்கடம். இந்தப் பக்கத்துப் பழைய நிலக்காரக் குடும்பம். எங்கள் தாத்தாக்கள் அவர்கள் வயலில்தான் நாற்று நட்டார்கள். இப்போது வயலும் இல்லை, நாற்றும் இல்லை, ஆனால் அவர்கள் தெருவில் வந்தால் எங்கள் ஆட்களுக்குத் தானாக முதுகு வளைகிறது. அது வேறு எரிச்சல். பள்ளத்தைச் சுற்றித் தகரம் நட்டிருந்தார்கள். வேறொரு இடத்தில் வேலை ஆரம்பித்ததும் அந்தத் தகரத்தைப் பிடுங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாம் நாள் மழை. காலை ஆறு மணிக்கு முழங்கால் வரை தண்ணீர், ரோடு எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. அன்றைக்கும் சரண் முன்னால் நடந்தான். "இருடா" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் ஆளைக் காணவில்லை. ஒன்பது மணிக்கு மேல்தான் வெளியே எடுத்தார்கள்.

பள்ளத்துக்கு எதிரே லோகேஷ் டிபன் கடை வைத்திருந்தான். "மூணு நாளா தகரம் இல்லப்பா. நானே போன் போட்டு சொன்னேன்" என்று அன்றைக்கு அழுதுகொண்டே எல்லாரிடமும் சொன்னவன் அவன்தான். பத்து நாள் கழித்து ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தபோது, தகரம் இருந்தது, பையன் காதில் பாட்டு கேட்டுக்கொண்டே தகரத்தைத் தள்ளிவிட்டுப் போனான் என்று எழுதினான். அதோடு கேஸ் படுத்துவிட்டது. அடுத்த வருஷமே லோகேஷின் டிபன் கடைக்கு மாடி வந்தது, ஏசி வந்தது.

சொர்ணக்கா லீவு கிடைத்த திங்கட்கிழமையெல்லாம் கலெக்டர் ஆபீசுக்கு மனு எடுத்துப் போனாள். நாற்பத்திரண்டு மனு நான் டைப் அடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒன்றுக்குக்கூட பதில் வரவில்லை. ரசீது மட்டும் ஒழுங்காகத் தந்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்துக் கவுன்சிலர் தேர்தல் வந்தது. எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். அதனால் என் கடைக்கு எதிர்ச்சுவரில் மூன்று பெண்களின் போஸ்டர். முதல் போஸ்டரில் அகல்யா, திருவேங்கடத்தின் மனைவி. அவள் முகம் தபால்தலை அளவு, அவர் முகம் தாம்பாளம் அளவு. இரண்டாவதில் மதிவதனி, லோகேஷின் மனைவி. அங்கேயும் அதே லட்சணம்தான். மூன்றாவதில் சௌம்யா. ஏரிக்கு அந்தப் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர், காலேஜில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். அவர் போஸ்டரில் அவர் முகம் மட்டும்தான் இருந்தது. மூன்று பேரில் அவர் ஒருவர்தான் நிஜமாக நின்றார் என்று சொல்லலாம்.

ஆனால் அவர் நின்றதே ஏரிக்காக. ஏரியை அளந்து, கரையில் இருக்கிற வீடுகளை எடுத்து, மழைத் தண்ணீருக்கு வழி விட வேண்டும் என்பது அவர் வாதம். கரையில் இருக்கிற வீடுகள் என்றால் நாங்கள். நூற்று நாற்பது வீடு. சிரிக்காமல் ஒன்றைச் சொல்கிறேன்: அவர் சொன்னது நியாயம்தான். எங்கள் தெரு ஏரியில்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் அந்த ஏரி எங்கள் அடுப்படி வரைக்கும் வந்து அதைச் சொல்லிவிட்டுப் போகும். நியாயம் என்று தெரிந்தாலும், என் மாமனார் கல் சுமந்து கட்டின வீட்டை விட்டு எங்கே போவது?

சௌம்யா வீடு வீடாக வந்தார். சொர்ணக்கா வீட்டில் அவர் உட்கார்ந்து பேசியபோது நானும் இருந்தேன். சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்து, "இது சரண் தானே?" என்றார். பெயரைச் சொன்னார்! அந்த வார்டில் ஓட்டுக் கேட்டு வந்தவர்களில் அவன் பெயரைத் தெரிந்துகொண்டு வந்தவர் அவர் ஒருவர்தான். "அந்தக் கேஸைத் திரும்ப எடுக்க வைக்கிறேம்மா. அது என் பொறுப்பு. ஆனா உங்களுக்கு ஆசை காட்டிப் பொய் சொல்ல மாட்டேன். இந்த வீடுங்க இங்க இருக்கக் கூடாது. வேற இடம் வாங்கித் தரப் போராடுவேன்" என்றார். அந்த வேற இடம் ஊரின் மறுகோடியில் எட்டு மாடிக் கட்டடம். அங்கிருந்து எஸ்டேட்டுக்கு வர இரண்டரை மணி நேரம். அவர் போன பிறகு சொர்ணக்கா சரண் படத்தை முந்தானையால் துடைத்தாள்.

"நல்ல பொம்பளடி" என்றாள். "அதான் பேஜாரா கீது. என் புள்ளைக்கு நாயம் வேணும்னு நூத்தி நாப்பது ஊட்ட இடிக்க நானே கைய வெக்கறதா?"

மறுநாள் திருவேங்கடம் வந்தார். முன்னால் அகல்யா, ஆரத்தி எடுத்தவர்கள் கொடுத்த பூவைக் கையில் பிடித்துக்கொண்டு, வெயிலில் மயங்கி விழுகிற மாதிரி. பின்னால் அவர், கூப்பிய கையோடு. சொர்ணக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். அவளை அடையாளம் தெரியவில்லை அவருக்கு. நடித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன், உண்மையாகவே தெரியவில்லை.

"உங்க ஊட்ல எத்தினி ஓட்டும்மா?" என்று கேட்டார்.

"ரெண்டு இருந்துச்சு. இப்ப ஒண்ணுதான்."

"ஏன், இன்னொண்ணு எங்க போச்சு?"

சொர்ணக்கா அவர் முகத்தையே பார்த்தாள். "பூட்டுச்சு" என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார். பின்னால் வந்தவன் நோட்டில் ஒன்று என்று குறித்துக்கொண்டான்.

அன்றைக்குச் சாயங்காலம் கடைக்கு வந்தாள். "பிரியா, மூணும் ரிஜெக்ட் பீஸு. ஒண்ணு என் புள்ளைய கொன்னுது, ஒண்ணு அத்த மறைச்சுது, ஒண்ணு ஊட்ட புடுங்க வருது. இதுல ஒண்ண எடுத்து பாஸ் போடுன்னா நா எப்டி போடுவேன்? அந்த கடைசி பட்டன் கீதே, யாரும் வாணாம்னு, அத்த அமுக்கிட்டு வந்துடறேன்."

கவுன்சிலர் தேர்தல் மிஷினில் அந்தப் பட்டன் கிடையாது என்று நான்தான் சொன்னேன். அதற்குப் பதிலாக ஒரு பாரம் உண்டு. பூத்துக்குள் போய், யாருக்கும் போட விருப்பமில்லை என்று எல்லா ஏஜென்ட்டும் பார்க்கக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வரலாம். அவள் முகம் அவ்வளவு தெளிந்ததை நான் இரண்டு வருஷத்தில் பார்த்ததில்லை.

"ஏன் வாணாம்னு அதுல எழுதலாமா?"

எழுத இடமில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வாய் வரவில்லை. "தனித்தாள்ல எழுதி பின் அடிச்சிக் குடுக்கலாம்கா" என்றேன். அவள் சொல்லச் சொல்ல டைப் அடித்தேன். ஒன்று, திருவேங்கடம் என் மகன் சரண் விழுந்த பள்ளத்தின் தகரத்தைப் பிடுங்கியவர். இரண்டு, லோகேஷ் இல்லாத தகரத்தை இருந்தது என்று எழுதிக் கொடுத்தவர். மூன்று, சௌம்யா அம்மா நல்லவர், ஆனால் எங்கள் தெருவை எடுக்க நினைப்பவர். ஆகையால் நான் யாருக்கும் வாக்களிக்கவில்லை. நாற்பத்திரண்டு மனுவிலும் கெஞ்சியிருந்தாள். இதில் ஒரு கெஞ்சல்கூட இல்லை. சர்க்கார் ஃபைலில் சரணின் பெயர் ஒரு தாளிலாவது ஏறி உட்காரும் என்று நம்பினாள். மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு போனாள்.

தேர்தலுக்கு மூன்று நாள் முன்னால் தெருக்கூட்டம். எங்கள் தெருவில் பேச்சுக்கு முன்னால் நிற்பது குப்பம்மா. நூறு நாள் கத்தினாலும் தொண்டை கட்டாத பொம்பளை. "சௌம்யா வந்தா ஊடு போச்சு. லோகேசு ஜெயிக்கற குதிர இல்ல. திருவேங்கடத்தாலதான் அவள அடிக்க முடியும். நூத்தி நாப்பது ஊடும் ஒரே கை. அம்மன் முன்னால கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணுங்க" என்றாள். கல்யாணத் தகராறு, குடிகாரன் திருந்துவது, ஓட்டு, எல்லாவற்றுக்கும் எங்களுக்கு அந்தக் கற்பூரம்தான். வரிசையாகப் போய் உள்ளங்கையால் அணைத்தோம். நானும் அணைத்தேன். சொர்ணக்கா வரிசையில் வந்தாள், சுடரைப் பார்த்தாள், கையைப் புடவைக்குள் வைத்துக்கொண்டு நடந்து போய்விட்டாள். யாரும் அவளைத் திட்டவில்லை, அதற்குத் தெருவில் எவருக்கும் தைரியமில்லை. குப்பம்மா மட்டும் என்னைப் பார்த்து, "நீதான பாரம் அது இதுன்னு அவளுக்கு ஓதி வுட்ட?" என்றாள்.

ஓட்டு நாள். காலையிலிருந்தே அடுக்குமாடிக்காரர்கள் காரில் காரில் வந்து இறங்கினார்கள். இவ்வளவு நாளாக ஓட்டுப் போட வராத ஜனம் அது. பள்ளிக்கூட வாசலில் எங்கள் ஆட்கள் இறங்குகிற தலைகளை எண்ண ஆரம்பித்தார்கள். "பத்து ஓட்டு, இருபது ஓட்டுலதான் நிக்கப்போவுது" என்று ஒருவன் சொன்னான். அவனுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. பதினோரு மணிக்கு சொர்ணக்கா வந்தாள். கஞ்சி போட்ட புடவை, இடுப்பில் அந்தத் தாள், கையில் இரண்டு பூத் சிலிப். ஒன்று அவளுடையது, ஒன்று சரணுடையது. பட்டியலிலிருந்து அவன் பெயரை நீக்க மனுக் கொடுக்கலாம் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். "அங்கயாச்சும் இருந்துட்டுப் போவட்டும்" என்றிருந்தாள்.

குப்பம்மா என் கையைக் கிள்ளினாள். "நீ சொன்னா கேப்பா. போ."

போனேன். அவளை வேப்பமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். என்னென்னவோ சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள், எதுவும் ஏறவில்லை. கடைசியில் எனக்குள் ஏதோ வெறி வந்துவிட்டது. என் வீடு, என் கடை, என் இரண்டு பெண் குழந்தைகள், எல்லாம் இவளுடைய ஒரு கையெழுத்தில் தொங்குகிற மாதிரி ஒரு கோபம். "சரணு செத்துட்டான்கா. எங்க புள்ளைங்க உசுரோட கீதுங்க" என்றேன்.

சொன்ன நிமிஷமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் இடுப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்து என் கையில் கொடுத்தாள். சரணின் சிலிப்பை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தாள். தன் சிலிப்போடு வரிசையில் போய் நின்றாள். வெளியே வரும்போது விரலில் மை இருந்தது. மையைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல் நேராக வீட்டுக்குப் போனாள். வீட்டு வாசலில் உட்கார்ந்து அந்த விரலைச் சொரசொரப்பான கல்லில் தேய்த்துக்கொண்டே இருந்தாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

எண்ணி முடித்தார்கள். அகல்யா அறுநூற்று முப்பத்தெட்டு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள். எங்கள் தெருவின் மொத்த ஓட்டே முந்நூற்றுச் சொச்சம். தெருவே வீட்டில் படுத்துத் தூங்கியிருந்தாலும் திருவேங்கடம் ஜெயித்திருப்பார். பத்து ஓட்டு, இருபது ஓட்டு என்று சொன்னவனை நான் அப்புறம் தேடினேன், ஆள் அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால் மட்டும் என்ன? சொன்னவன் அவன், நம்பினவள் நான், பட்டனை அமுக்கினவள் சொர்ணக்கா.

அதன் பிறகு அவள் திங்கட்கிழமை மனு கொடுக்கப் போவதை நிறுத்திவிட்டாள். "வாங்கக்கா, டைப் அடிக்கலாம்" என்று நானே கூப்பிட்டேன். "இன்னா மூஞ்ச வெச்சிகினு கேக்கறது?" என்றாள். அவள் கம்பெனியில் வேலை செய்கிற பெண் ஒருத்தி ஆதார் நகலுக்கு வந்தபோது சொன்னாள்: இப்போதெல்லாம் சொர்ணக்கா மேசையில் ஓரம் தள்ளிய சட்டையே இல்லையாம். எடுக்கிறாள், விரிக்கிறாள், எல்லாவற்றையும் பாஸ் போடுகிறாள். சூப்பர்வைசர் அவளுக்கு டீ வாங்கித் தருகிறாராம். அதைக் கேட்டுவிட்டு அன்றைக்குக் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டேன்.

தேர்தல் முடிந்து ஒன்பதாவது மாதம் எங்கள் கதவுகளில் நோட்டீஸ் ஒட்டினார்கள். கோர்ட் உத்தரவு, இருபத்தொரு நாளில் காலி செய்ய வேண்டும். சௌம்யா தோற்ற பிறகும் ஏரிக்காகப் போட்ட கேஸை விடவில்லை, ஆனால் அவர் கேட்ட மாற்று இடம் உத்தரவில் சரியாக ஏறவில்லை, பாதிப் பேர் பெயர் பட்டியலிலேயே இல்லை. குப்பம்மா ஜனத்தைக் கூட்டிக்கொண்டு திருவேங்கடம் வீட்டுக்குப் போனாள். அகல்யா மோர் கொடுத்தாள். அவர் கைகூப்பி, "கோர்ட்டு ஆர்டரும்மா, நா இன்னா பண்றது? என் கையில ஒண்ணும் இல்ல" என்றார். அவர் கையில் ஒன்று இருந்தது. வீடுகளை எடுத்த பிறகு ஏரியைச் சுற்றி வேலி போட்டு, நடைபாதை போடும் வேலை. அந்தக் கான்ட்ராக்ட் அவர் மச்சான் பெயரில் வந்திருந்தது. இந்தத் தடவை, நாங்கள் காலி செய்வதற்கு முன்பே, தகரத்தை நன்றாக நட்டார்கள். எங்கள் தெருவைச் சுற்றி, ஆள் உயரத்துக்கு, போக வர ஒரு வழி தவிர இடைவெளியே விடாமல்.

காலி செய்ய இரண்டு நாள் இருக்கும்போது பிரிண்டரை அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். சொர்ணக்கா வந்தாள். பட்டியலில் இல்லாத பாதியில் அவளும் ஒருத்தி. காட்டுப்பாக்கத்தில் அண்ணன் வீட்டு மொட்டை மாடியில் ஒரு ஷெட் இருக்கிறது, அங்கே போவதாகச் சொன்னாள்.

"அந்த பேப்பர் கீதா?" என்றாள்.

கம்ப்யூட்டரில் இருந்தது. பெட்டியைப் பிரித்து பிரிண்டரை மறுபடியும் மாட்டினேன். திரையில் இருந்ததை அவள் எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு வரியின் கீழும் விரலை ஓட்டிப் படித்தாள். சட்டையைத் தடவுகிற அதே விரல். கடைசி வரியில் நின்றது.

"இது பொய்யி. யாருக்கும் போடலன்னு கீது. அழிச்சிடு. மூணுக்குக் கீழ நாலுன்னு போடு."

"நாலுல இன்னாக்கா?"

"சொர்ணம். சரணோட அம்மா. பள்ளம் தோண்டனவனுக்கே ஓட்டு போட்டவ. எழுது."

கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன். "யாருகிட்டக்கா இத்த குடுக்கப்போற?"

"யாருக்கும் இல்ல" என்றாள். "நா பாத்துட்டேனே."

அடித்தேன். நாலை முடித்துவிட்டு அடுத்த வரிக்கு வந்தேன். கம்ப்யூட்டர் தானாகவே ஐந்து என்று எண் போட்டுக்கொண்டு காத்திருந்தது. நான் அவளைப் பார்த்தேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் என் பெயரை அடித்திருப்பேன்.

"அவ்ளோதான். எடுத்துக் குடு" என்றாள்.

தாளை வாங்கி மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு தகரத்தை ஒட்டியே நடந்து போனாள். அவள் தலை மறைகிற வரைக்கும் பார்த்தேன். அப்புறம் உட்கார்ந்து, ஐந்துக்கு எதிரே கிருஷ்ணப்பிரியா என்று அடித்தேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடும்போது, செய்த மாற்றத்தை வைத்துக்கொள்ளவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. வேண்டாம் என்பதை அமுக்கினேன்.